கண்ணாடியும் கொழுந்துக் கூடையும்

ஹற்றனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குச் செல்லும் பாதை தேயிலை மலைகளைச் சுற்றிச் சுற்றியே செல்கின்றது. அவ்வூரின் புனித மரியாள் ஆலயத்து மயானத்தில், 1879ஆம் ஆண்டு ஜனவரியில் மறைந்த ஓர் ஆங்கிலப் பெண்மணி தம் கணவரோடு துயில்கின்றார். ஜூலியா மார்கரெட் கமரன் என்பது அவர் பெயர். புகைப்படமும் ஒரு கலையே என்று உலகுக்கு நிறுவிய முன்னோடிகளுள் அவர் ஒருவர். அவருடைய கணவர், இந்நாட்டின் ஆட்சிமுறையை மாற்றியமைத்த கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவின் கமரனே; இலங்கையிலே கோப்பித் தோட்டங்களை உடைமையாகக் கொண்டிருந்தவர். 1875இல் அக்குடும்பம் இங்கு வந்து குடியேறிற்று.

இங்கிலாந்திலே கமரன் அம்மையாரின் கருவிக்கு முன் அமர்ந்தோர் யார்? டெனிசன் அமர்ந்தார், டார்வின் அமர்ந்தார். அவர்கள் பெயர்களை உலகம் அறியும். அம்மையாரின் வீட்டுப் பணிப்பெண்ணான மேரி ஹில்லியரின் பெயரைக்கூடக் கலை வரலாறு காத்து வைத்திருக்கின்றது. இலங்கையிலும் அவர் படமெடுத்தார். இந்நாட்டுக் கிராமத்தவரையும் தோட்டங்களில் உழைத்த தமிழ் மக்களையும் படமெடுத்தார். எஞ்சியிருக்கும் அப்படங்கள் மிகச் சில. அவற்றிலுள்ளோரிற் பெரும்பாலார்க்குப் பெயரில்லை. முகம் இருக்கின்றது, கண்ணிலே களைப்பும் இருக்கின்றது. அவர் எவ்வூரிலிருந்து எந்தக் கங்காணியின் கடனுக்குக் கட்டுண்டு வந்தவர், அன்றைய கூலி யாது என்பவற்றைப் படம் சொல்வதில்லை.

அம்மையாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எமது நோக்கமன்று. கண்ணாடி வில்லை ஒன்றுக்குத் தானாக எதையும் பார்க்கும் ஆற்றல் இல்லை. அதனை வைத்திருப்பவர் எத்திசையிலே திருப்புகின்றாரோ அத்திசையையே அது காட்டும். இந்த எளிய உண்மையை இன்று நினைவூட்ட வேண்டிய தேவை ஏற்பட்டிருக்கின்றது. ஏனெனில், மலையகப் பெண்ணை நோக்கி இன்னொரு கண்ணாடி திருப்பப்படுகின்றது. அதனைப் பிடித்திருப்பது கலைஞரின் கையன்று, மூலதனத்தின் கை.

'சமூகப் பயன் முதலீடு' என்ற கருத்து 2007ஆம் ஆண்டில் றொக்பெல்லர் நிறுவனம் இத்தாலியின் பெலாஜியோவிற் கூட்டிய கூட்டத்திலே தன் ஆங்கிலப் பெயரைப் பெற்றது. இலாபமும் வேண்டும், அதனோடு அளந்து காட்டக்கூடிய சமூக நன்மையும் வேண்டும் என்பதே அதன் சாரம். அதனையடுத்து, பெண்களின் நிலையைக் கருத்திற்கொண்டு பணத்தை இடுதல் என்ற கிளைக் கருத்துத் தோன்றிற்று. 'பால்நிலைக் கண்ணாடி' வழியாகப் பார்த்து முதலிடுதல் என்று இதனை அழைக்கின்றனர். பெண்கள் உரிமைகொண்ட தொழில்கள், பெண்களை நியாயமாக வேலைக்கமர்த்தும் தொழில்கள், பெண்களுக்குப் பயன்படும் பொருள்களையும் சேவைகளையும் தரும் தொழில்கள் ஆகியவற்றை இக்கண்ணாடி தேடுகின்றது. 2017இல் பெண்களின் வாழ்வாதாரத்துக்கென 80 இலட்சம் அமெரிக்க டொலர் பெறுமதியான கடன் பத்திரம் ஒன்று சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையிலே இடம்பெற்றது. 2018இல் கனடாவிற் கூடிய ஏழு பணக்கார நாடுகளின் மாநாட்டையொட்டி, அந்நாடுகளின் அபிவிருத்தி நிதி நிறுவனங்கள் 2020ஆம் ஆண்டுக்குள் 300 கோடி டொலரைப் பெண்கள் பொருட்டுத் திரட்டுவதாக அறிவித்தன.

பெண்ணின் பொருளாதார விடுதலை வேண்டாம் என்று கூறுவார் எம்மில் எவருமிலர். வங்கியாளர் ஒருவர் தம் கணக்கேட்டிலே பெண்ணுக்கு ஓர் இடம் ஒதுக்குவாரெனின் அது நேற்றைய நிலையிலும் மேலானதே. ஆயினும், ஒரு நூலை மதிப்பிடும்போது அதன் ஆசிரியர் என்ன கூற எண்ணினார் என்பதோடு நின்றுவிடாமல், எதைக் கூறாது விட்டார் என்றும் நாம் வினவுகின்றோமல்லவா? அதே அளவுகோலை இங்கும் கொள்வோம்.

இம்முதலீடுகளைப் பற்றி வெளிவரும் அறிக்கைகளை இலக்கிய மாணவர்கள் படித்துப் பார்த்தல் நன்று. அவை எண்களால் நிறைந்தவை போலத் தோன்றினும், அவற்றின் உயிர் ஒரு கதையிலேயே உள்ளது. வறிய பெண்ணொருத்தி வருகின்றாள். அவள் அறிவும் உழைப்பும் உள்ளவள். ஆயின் கையிலே முதலில்லை. சிறு கடன் கிடைக்கின்றது. தையல் இயந்திரமோ, பசுவோ, சிறு கடையோ வாங்குகின்றாள். அவள் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனர். இறுதிப் பக்கத்திலே அவள் புன்னகைக்கின்றாள்.

இக்கதையின் இலக்கணத்தைக் கவனியுங்கள். இதில் நாயகி உண்டு. எதிர்நிலை மாந்தர் எவருமிலர். வறுமை உண்டு, வறுமைக்குக் காரணம் இல்லை. மழையும் பனியும் போல அது எங்கிருந்தோ வந்து அவள் வாசலில் நிற்கின்றது. மேலும், அவள் எப்போதும் தனியளாகவே நிற்கின்றாள். அவளோடு மலையில் நிரை பிடித்து நின்ற நாற்பது பெண்களும் படத்தின் சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டுவிடுகின்றனர். யதார்த்தத்தை விவரங்களாற் காட்டி, உறவுகளை மறைத்துவிடும் எழுத்தை நாம் இயற்பண்புவாதம் என்று விமர்சித்து வந்திருக்கின்றோம். அதே குறைதான் இங்கும் உள்ளது.

பொகவந்தலாவைப் பெண் யார் என்பதைச் சட்டத்துக்கு வெளியே சென்று பார்ப்போம். விடியுமுன் எழுந்து லயக் காம்பராவிலே அடுப்பு மூட்டுகின்றாள். கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு மலைக்கேறுகின்றாள். படங்கை இடுப்பிலே சுற்றி, கூடையைத் தலையிலிருந்து முதுகுக்குத் தொங்கவிட்டு, அட்டைக் கடிக்கும் மழைக்கும் இடையிலே கொழுந்து பறிக்கின்றாள். மடுவத்திலே நிறுக்கின்றார்கள்; தோட்டம் விதித்த நிறை வராவிடின் அவளுக்கு 'அரைப்பேர்' மட்டுமே. ஒரு நாள் உழைப்பை ஒரு 'பேர்' என்று தோட்டத்தார் வழங்குவது கருதற்பாலது. செக்ரோலிலே பெயர் பதிந்தாற்றான் கூலி. நிறை குறைந்தால் அவள் பெயரே பாதியாகிவிடுகின்றது!

இப்பெண்ணைப் 'பொருளாதாரத்துக்குள் கொண்டுவர வேண்டியவள்' என்று கூறுவது எத்துணைப் பொருத்தமற்றது! ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையிலே 19 ஏக்கரிற் பயிரிட்டுத் தொடக்கிவைத்த தொழில், நாட்டின் அந்நியச் செலாவணிக்குத் தூணாக வளர்ந்தது கொழுந்தெடுக்கும் பெண்ணின் விரல் நுனியாலேயே. அவள் ஒன்றரை நூற்றாண்டாகப் பொருளாதாரத்தின் நடுவிலேயே நிற்கின்றாள். அவளிடம் இல்லாதது முயற்சியன்று, முயற்சியின் பயனே.

அவள் கூலியின் வரலாற்றை நோக்குக. ஆணும் பெண்ணும் ஒரே மலையில் உழைத்தும், பெண்ணுக்குக் குறைந்த நாட்கூலியே நெடுங்காலம் வழங்கப்பட்டது. அவ்வேற்றுமை 1984இலேதான் ஒழிந்தது. அதனை ஒழித்தது எந்த முதலீட்டாளரின் கண்ணாடியுமன்று; அவ்வாண்டிலே தோட்டத் தொழிற்சங்கங்கள் இணைந்து நடத்திய வேலைநிறுத்தமே. ஆயிரம் ரூபா நாட்கூலி என்ற கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021 மார்ச்சிலே சம்பளச் சபையின் வழியாகச் சட்டமாயிற்று. கம்பனிகள் அதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றன. 2022இன் பொருளாதார வீழ்ச்சியிலே அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும் விலையேறி, அந்த ஆயிரத்தின் பெறுமதியைத் தின்றுவிட்டன. 2024 செப்டெம்பரிலே அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாயிற்று. 2025 நவம்பரிலே முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம் அதனை 1,550ஆக்கி, அரசு தன் பங்காக வரவுக் கொடுப்பனவு 200 ரூபாவைச் சேர்க்கும் என்று கூறிற்று. இத்தொகையும் வேலை வழங்கப்பட்ட நாளுக்கே உரியது. மாதத்தில் எத்தனை நாள் வேலை என்பதைத் தீர்மானிப்பவள் அவளல்லள்.

கூலி போதாத இடத்திலே கடன் புகுகின்றது. மலையகத்துக்குக் கடன் புதியதன்று; கடனாலேயே அச்சமுதாயம் கட்டப்பட்டது. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து பஞ்சத்தால் துரத்தப்பட்டு வந்தோரின் வழிச்செலவு தலைக்கங்காணியின் கணக்கிலே கடனாக எழுதப்பட்டது. அக்கடனைத் தீர்க்காது ஒருவர் தோட்டம் மாற இயலாது. கடன் தொகையை எழுதிய 'துண்டு' என்னும் சீட்டோடு மனிதரும் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறினர். 1921இலேதான் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எமது பாட்டிமாரும் பூட்டிமாரும் கடனாளிகளாகப் பிறந்து கடனாளிகளாகவே தேயிலைக்கு உரமாயினர்.

அந்த வரலாற்றை மனத்திற்கொண்டு இன்றைய நுண்கடனை நோக்குவோம். மூலதனம் பெண்ணைத் தேடிச் சென்ற முதற் பெரும் பாதை இதுவே. பங்களாதேஷிலே 1983இல் தனி வங்கியாக உருப்பெற்ற கிராமீன் வங்கியின் புகழ் உலகெங்கும் பரவிற்று. 2006இல் அதற்கும் அதன் நிறுவனர் யூனுஸுக்கும் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிட்டிற்று. ஆயின், பெண்ணுக்குக் கடன் கொடுத்தல் இலாபந்தரும் வணிகம் என்பது தெளிவானதும், கருணை பின்சென்றது, வட்டி முன்வந்தது. 2010இல் ஆந்திராவிலே கடன் நெருக்கடியும் தற்கொலைகளும் நாட்டையே உலுக்கின. இலங்கையிலே, போர் முடிந்த பின் வடக்கிலும் கிழக்கிலும், வரண்ட வலயத்துக் கிராமங்களிலும், எமது லயன்களின் வாசல்களிலும் கடன் நிறுவன ஊழியர்கள் வாராவாரம் வந்து நின்றனர். வெளிநாட்டுக் கடனும் மனித உரிமையும் பற்றிய ஐக்கிய நாடுகளின் சுதந்திர நிபுணர் 2018இல் இங்கு வந்தபோது, ஆண்டு வட்டி 40 முதல் 220 சதவீதம் வரை அறவிடப்பட்டமையைச் சுட்டிக் காட்டினார். பெண்ணின் பொருட்டென வந்த பணம் பெண்ணின் தாலிக்கொடியை அடகுக் கடைக்கு அனுப்பிற்று.

அதே ஆண்டிலே அரசு, வரட்சியாற் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்களுக்கு ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. அப்பன்னிரண்டிலே நுவரெலியா இல்லை. கூலி வரட்சியை எந்த வானிலை நிலையமும் பதிவு செய்வதில்லையன்றோ! 2021 மார்ச் 8ஆம் நாள், பெண்கள் தினத்திலே, பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் கடனாளிப் பெண்கள் சத்தியாக்கிரகத்தில் அமர்ந்தனர். அவர்களிற் சிங்களவரே பெரும்பாலார். ஆயினும் அவர் பேசிய வேதனையைப் பொகவந்தலாவைப் பெண்ணுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

மலையகப் பெண் ஏன் அரச வங்கியின் குறைந்த வட்டிக் கடனை நாடுவதில்லை என்று வினவலாம். ஈடு வைக்க அவளுக்குக் காணியில்லை என்பதே விடை. ஐந்தாறு தலைமுறையாக வாழ்ந்த காம்பராவும் தோட்டத்தின் உடைமை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவள் குலத்தை நாடற்றதாக்கிற்று; 1949இலே வாக்குரிமையும் பறிபோயிற்று; 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களை இரு கூறாகப் பிளந்தது; எஞ்சியோரின் பிரஜாவுரிமைச் சிக்கல் 2003இன் சட்டத்தினாலேயே பெருமளவு தீர்ந்தது. 2015ஐ ஒட்டிய ஆண்டுகளிலேதான் வீட்டுக்கு ஏழு பேர்ச் காணி என்ற பேச்சே கொள்கையாகத் தலையெடுத்தது. உறுதியில்லாதவளுக்கு வங்கியின் கதவு திறவாது. நுண்கடன்காரன் ஈடாகக் கேட்பது காணியையன்று. அயல் வீட்டுப் பெண்ணின் மானத்தை. ஒருத்தி தவணை தவறினால் குழுவிலுள்ள ஏனையோர் செலுத்த வேண்டும். சீட்டுப் பிடித்து ஒருவருக்கொருவர் உதவிய அயலவரை இது ஒருவர் வாசலில் ஒருவரைக் காவல் நிற்கச் செய்துவிட்டது.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். கடன் தவறாயின், பெண் தொழிலாளியைக் கம்பனியின் பங்காளியாகவே ஆக்கினால் என்ன? நல்ல கேள்வி. எமது மலைகளிலே இதற்கு முழுமையான சான்றில்லை. ஆயின் எமது உறவினர் உழைக்கும் இன்னொரு தேயிலை மலையிலே உண்டு. கேரளத்து மூணாற்றிலே, 2005இல் டாட்டா நிறுவனம் தோட்டங்களின் பொறுப்பைக் கைவிட்டபோது உருவான கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பனியிலே பெரும்பான்மைப் பங்குகள் ஊழியரிடமும் தொழிலாளரிடமும் சென்றன. உலகெங்கும் அது முன்மாதிரியாகப் பேசப்பட்டது. பத்தாண்டு கழிந்தது. 2015 செப்டெம்பரிலே ஊக்கத்தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டதும், அந்தப் 'பங்காளிகளான' தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வீதியிலே அமர்ந்தனர். ஆண்கள் தலைமை தாங்கிய தொழிற்சங்கங்களையும் அண்டவிடவில்லை. 'பெம்பிளை ஒருமை' என்று தமக்குப் பெயரிட்டுக்கொண்டனர். ஒன்பது நாளிலே, ஊக்கத்தொகையும் கருணைத்தொகையுமாக 20 சதவீதத்தை வென்றனர். பங்குப் பத்திரம் பத்தாண்டிலே தராத குரலை ஒன்பது நாள் ஒற்றுமை தந்தது.

அசாமிலும் இதே பாடம். உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச நிதிக் கூட்டுத்தாபனம் 2009இல், டாட்டாவின் பழைய தோட்டங்களை ஏற்ற கம்பனியொன்றிலே 78 இலட்சம் டொலர் முதலிட்டது. தொழிலாளரும் பங்குதாரராவர் என்பது திட்டத்தின் அணிகலன். சில ஆண்டுகளுள் வீடு, சுகாதாரம், கூலி, பங்கு விற்ற முறை ஆகியன பற்றி முறைப்பாடு எழுந்தது. அக்கூட்டுத்தாபனத்துக்கென அமைந்த விசாரணை அமைப்பே 2016இல் தன் அறிக்கையிலே குறைகளை ஒப்புக்கொண்டது. பங்கு கொடுப்பதும் அதிகாரத்திற் பங்கு கொடுப்பதும் ஒன்றல்ல என்பதே இரு மலைகளும் கூறும் செய்தி.

அவ்வாறாயின் முதலீடே வேண்டாம் என்பதா எமது முடிவு? அன்று. இளம்பெண்கள் தோட்டத்தை விட்டுக் கொழும்புக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் செல்கின்றனர். கொழுந்துக் கூடையே அவர் விதியென்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. பால்மாடும் மரக்கறித் தோட்டமும் தையலும் கணினிக் கல்வியும் அவர்க்கு வேண்டும். அவற்றுக்குப் பணமும் வேண்டும். ஆனால், அப்பணத்தைக் கொண்டுவருவோரிடம் நாம் சில கேள்விகளைக் கேட்டே ஆகவேண்டும்.

உங்கள் கண்ணாடியிலே நாட்கூலி தெரிகின்றதா? கூலியைத் தொடாது கடனை மட்டும் பெருக்குவது, ஓட்டைக் குடத்திலே நீர் வார்ப்பதாகும். மடுவத்துத் தராசு தெரிகின்றதா? அதன் முள்ளைப் பார்க்கும் உரிமை கொழுந்தெடுப்பவளுக்கு உண்டா? வீட்டு உறுதியிலே எழுதப்படும் பெயர் எவருடையது? மலையிலே பெண்களுக்குக் கழிப்பிடம் உண்டா? பிள்ளைக் காம்பராவிலே பயிற்சி பெற்ற ஆயா உண்டா? விலை வீழ்ந்தால் நட்டம் யார் தலையில்? இன்று சில கம்பனிகள் தேயிலை நிலத்தைத் துண்டு துண்டாகத் தொழிலாளரிடம் பொறுப்பித்து, கொழுந்தை விலைக்கு வாங்கும் முறையை நாடுகின்றன. அவளை 'முயற்சியாளர்' என்று அழைப்பது இனிமையே. ஆயின், நிலவுரிமை இன்றி, சேமலாப நிதியும் பிரசவ உரிமையும் கைநழுவி, மழையின் நட்டமும் சந்தையின் நட்டமும் அவளுக்கே உரியதாகுமாயின், அது முதலாளியின் சுமையைக் கூடையோடு சேர்த்து அவள் முதுகிலே ஏற்றுவதாகும்.

கேள்வி எம்மை நோக்கியும் திரும்ப வேண்டும். தோட்டத் தொழிற்சங்கங்களுக்குச் சந்தா செலுத்துவோரிற் பெண்களே பெரும்பாலார். கூலி பேசும் மேசையிலே அமர்ந்தோரில் எத்தனை பேர் பெண்கள்? கொழுந்து மலையிலே பெண்கள் நிரையாக நிற்க, கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துரையும் தலைவரும் ஆண்களாகவே இருந்த காலத்தை நாம் இன்னும் முற்றாகக் கடந்துவிடவில்லை. மூணாற்றுப் பெண்கள் தம் தலைவர்களையே விலக்கி வைத்தமை, இடதுசாரிகள் எனத் தம்மைக் கூறிக்கொள்வோர்க்கு உறைக்க வேண்டிய பாடம். மூலதனம் பெண்ணைத் தனியளாகப் பார்ப்பது அதன் இயல்பு. நாம் அவளைக் கூட்டத்துள் ஒருத்தியாக மட்டுமே கண்டு, அவள் குரலைக் கேளாது விட்டோமெனின், அது எமது குற்றம்.

வேறொரு கண்ணாடியும் இம்மண்ணிலே இருந்தது என்பதை மாணவர்கள் மறத்தலாகாது. 1930களிலே ஹற்றனைக் களமாகக்கொண்டு கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சி அம்மையாரும் தோட்டத் தொழிலாளரைத் திரட்டினர். அம்மையார் மேடைதோறும் தாமே பாட்டுக் கட்டிப் பாடினார். 1940இலே அவை சிறு நூலாகவும் வெளிவந்தன. மடக்கும்புரைத் தோட்டத்திலே பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அம்மக்களின் வாழ்வை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினார். இவர்கள் கண்டதும் வறுமையையே. ஆனால் வறுமையை மட்டும் கண்டு நில்லாது, அதனை உண்டாக்கும் கையையும் கண்டனர். இரக்கத்துக்கும் இலக்கியத்துக்கும் உள்ள வேறுபாடு அதுவே.

ஆசிரியர்கள் தம் மாணவரோடு ஒரு சிறு பயிற்சியைச் செய்து பார்க்கலாம். புன்னகைக்கும் பெண்ணின் படத்தோடு வரும் அறிக்கை எதுவாயினும், படத்தின் சட்டத்துக்கு வெளியே என்ன உள்ளது என்று எழுதச் சொல்லுங்கள். அவள் நாட்கூலி, அவள் செலுத்தும் வட்டி, அவள் வீட்டின் உறுதி, அவளோடு நிரை பிடித்தவர்கள் என ஒவ்வொன்றாக எழுதட்டும். அன்று அவர்கள் கற்பது பொருளாதாரம் மட்டுமன்று, வாசிப்பும் ஆகும்.

பொகவந்தலாவை மயானத்துக் கல்லிலே கமரன் அம்மையாரின் பெயர் இருக்கின்றது. அவர் கருவி பார்த்த தோட்டத்துப் பெண்களின் பெயர்களை இனி எவராலும் மீட்க இயலாது. இன்று மலையிலே நிற்பவளின் பெயரோ இன்னும் எம் கையிலுள்ளது. அதனைப் பாதியாக்காமல், செக்ரோலிலும் காணி உறுதியிலும் கூலி பேசும் மேசையிலும் முழுப் பேராக எழுதச் செய்வதே எமக்கு முன்னுள்ள பணி.